பழைய டபுள் பேரலுக்கு எந்தத் தோட்டா? வேலூர்ப் பக்கத்து லைசென்ஸ்தாரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கணியம்பாடிப் பக்கம் எங்கள் ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போனவர். நான் அங்கே ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவராக, வேலை பார்த்தேன். ஊருக்குத் திரும்பிய பிறகு என்னிடம் கேள்வி கேட்டு வருகிறவர்கள் மூன்று வகை: பாங்க் காவலுக்குப் போயிருக்கும் முன்னாள் ராணுவத்தினர், ஜவ்வாது மலை அடிவாரத்தில் பயிர்க் காவலுக்கு லைசென்ஸ் வைத்திருக்கும் விவசாயிகள், தாத்தாவின் இங்கிலீஷ் துப்பாக்கி வாரிசாக வந்து சேர்ந்தவர்கள். மூன்றாவது வகையினரை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். எண்பது, நூறு வருஷத்துக் குழலில் இன்றைய தோட்டாவைப் போடப் போகிறவர்கள் அவர்கள். லைசென்ஸ் உள்ளவர்களுக்கு மட்டும் இது.

கடையில் "12 போர்னா எல்லாம் ஒண்ணுதான்" என்கிறார்கள். சரியா?

சரியில்லை. 12 போர் என்பது குழலின் அகலத்தை மட்டும் சொல்கிறது. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டையாக்கினால் ஓர் உருண்டையின் குறுக்களவு ஏறக்குறைய 18.5 மி.மீ. வரும். அந்தக் கணக்கில் வந்த பெயர் அது. தோட்டா உட்காரும் அறையின் நீளமும் குழல் தாங்கும் அழுத்தமும் வேறு சங்கதி. அறை 65 மி.மீ., 70 மி.மீ., 76 மி.மீ. என்று இருக்கலாம். இங்கிலாந்தில் செய்த பழைய துப்பாக்கிகளில் பெரும்பாலானவை 65 மி.மீ., அதாவது அவர்கள் கணக்கில் இரண்டரை இஞ்சு.

என் துப்பாக்கியில் 70 மி.மீ. தோட்டா சுலபமாக உள்ளே போகிறது, பூட்டும் மூடுகிறது. அப்புறம் என்ன?

எனக்கு வரும் கேள்விகளிலேயே ஆபத்தானது இதுதான். இதைக் கேட்கிறவர் பெரும்பாலும் நாலைந்து தோட்டா சுட்டுவிட்டுத்தான் வந்திருப்பார்.

பெட்டியில் போட்டிருக்கும் 70 என்பது சுட்ட பிறகு வாய் விரிந்த நிலையில் தோட்டாக்கூட்டின் நீளம். சுடாத தோட்டாவின் வாய் விசிறி மடிப்பாக உள்ளே மடங்கியிருக்கும். ஒரே பெட்டியிலிருந்து ஒரு சுடாத தோட்டாவையும் ஒரு காலிக் கூட்டையும் எடுத்து மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். என் ஸ்டீல் ஸ்கேலில் சுடாதது 60-ஐத் தொடவில்லை, காலிக் கூடு 70-க்கு ஒட்டி நின்றது. அதனால்தான் 65 மி.மீ. அறைக்குள் அது தாராளமாகப் போகிறது.

சுட்டதும் அந்த மடிப்பு விரிய இடம் தேடும். அறை 65-இல் முடிந்து, அங்கிருந்து குழல் கூம்பாகக் குறுகுகிறது. கூட்டின் வாய் அந்தக் கூம்புக்குள் போய் விரியும். ஏற்கெனவே குறுகிய வழியில் கூட்டின் சுவரும் அடைத்துக்கொள்ள, அதற்குள்ளே நுழைந்துதான் ரவையும் (சின்ன ஈய உருண்டைகள்), அதற்குப் பின்னால் இருக்கும் அடைப்பானும் போயாக வேண்டும். பின்னால் எரியும் வெடிமருந்துக்கு இது தெரியாது, அது எரிந்துகொண்டே இருக்கும். அழுத்தம் ஏறும். போதாததற்கு 70 மி.மீ. தோட்டாவில் மருந்தும் ரவையும் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும்.

தச்சர் கணக்கில் இரண்டரை இஞ்சுக்கும் இரண்டேமுக்கால் இஞ்சுக்கும் இரண்டு நூல்தான் வித்தியாசம். அந்த இரண்டு நூலை அலட்சியம் செய்யாதீர்கள். உள்ளே போகிறது என்பதால் அது உங்கள் துப்பாக்கிக்கான தோட்டா ஆகிவிடாது.

அப்படியானால் என் துப்பாக்கி எதைத் தாங்கும் என்று எங்கே பார்ப்பது?

குழலின் அடியில். முதலில் துப்பாக்கியைத் திறந்து இரண்டு அறையும் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். குழலுக்குக் கீழே கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றிக் குழலைத் தனியே எடுங்கள். திருப்பிப் பிடித்தால் அறைக்குக் கீழே இரண்டு தட்டையான பரப்பு தெரியும். துப்பாக்கியின் ஜாதகம் அங்கேதான் எழுதியிருக்கிறது. அழுக்கும் பழைய எண்ணெயும் மூடியிருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். முத்திரை அழிந்தால் துப்பாக்கியின் வரலாறே போய்விடும்.

இங்கிலாந்தில் லண்டன், பர்மிங்காம் என்று இரண்டு சோதனைச் சாலைகள் உண்டு. லண்டன் சங்கத்துக்கு 1637-இல் அரச சாசனம் கிடைத்தது, பர்மிங்காம் சாலை 1813-இல் வந்தது. விற்பனைக்கு முன் ஒவ்வொரு குழலிலும் வழக்கத்தைவிடக் கடுமையான தோட்டாவைச் சுட்டுப் பார்த்து, தாங்கினால்தான் முத்திரை குத்துவார்கள்.

1896-இல் 'நைட்ரோ புரூஃப்' என்று முழு வார்த்தையாகவே பொறிக்க ஆரம்பித்தார்கள். 1904 முதல் அது என்.பி. என்று சுருங்கியது. பர்மிங்காம் என்றால் கிரீடத்துக்குக் கீழே என்.பி., பிற்காலத்தில் பி.என்.பி. லண்டன் என்றால் வாள் பிடித்த கைக்குக் கீழே என்.பி. இது இருந்தால் புகையில்லா மருந்துக்குச் சோதித்த குழல் என்று பொருள். இது இல்லாத பழைய இங்கிலீஷ் குழல் கருமருந்துக்கு (புகை கக்கும் பழைய வெடிமருந்து) மட்டும் சோதிக்கப்பட்டது. இன்றைய தோட்டா எதுவும், சின்னதோ பெரியதோ, அதற்கு ஆகாது.

வைர வடிவக் கட்டத்துக்குள் 12, சி என்று இருந்தால் அது 1887-க்கும் 1925-க்கும் இடைப்பட்ட முத்திரை. அறை 3 இஞ்சுக்குக் குறைவு என்பதைத்தான் அது சொல்லும், சரியான நீளத்தைச் சொல்லாது. 1925-க்குப் பிறகு இரண்டரை, இரண்டேமுக்கால் என்று நீளத்தையே பொறித்தார்கள். நீளம் எழுதாத குழலை அளவுகோல் குச்சி வைத்திருக்கும் டீலரிடம் கொண்டுபோய் அளந்துவிடுங்கள்.

பெல்ஜியத்தில் லீஜ் நகரத்துத் துப்பாக்கி என்றால் முட்டை வடிவ வளையத்துக்குள் ஈ.எல்.ஜி. என்று இருக்கும். சிங்கமும் அதன் கீழே பி.வி. என்ற எழுத்தும் புகையில்லா மருந்துக்கான முத்திரை. அறை நீளத்தை அங்கே மி.மீ.யில் போடுவார்கள், நமக்கு வேலை சுலபம்.

"3 டன்" என்று பொறித்திருக்கிறது. ஒரு டன் 2,240 பவுண்டு, அப்படியானால் ஒரு சதுர இஞ்சுக்கு 6,720 பவுண்டுதானே?

பெருக்கினால் அப்படித்தான் வரும், ஆனால் அது இன்றைய அளவோடு ஒப்பிடக்கூடிய எண் அல்ல. 1954-இல் இந்த டன் முத்திரை வந்தபோது அழுத்தத்தை ஈயத் துண்டு எவ்வளவு நசுங்குகிறது என்று பார்த்து அளந்தார்கள். அந்த முறை உண்மையான உச்ச அழுத்தத்தைக் குறைத்தே காட்டும். இன்று மின்கருவியால் அளக்கிறார்கள். அதனால் பழைய டன்னைப் பெருக்கி இன்றைய தோட்டாப் பெட்டியோடு பொருத்திப் பார்க்கக் கூடாது.

பயன்படும் கணக்கு இதுதான்: இரண்டரை இஞ்சு அறைக்கு 3 டன், இரண்டேமுக்காலுக்கு மூன்றேகால் டன், 3 இஞ்சுக்கு 4 டன். முத்திரையில் இரண்டரையும் 3 டன்னும் சேர்ந்திருந்தால் 65 மி.மீ. தோட்டாவை மட்டும் வாங்குங்கள்.

குழலின் மேலே கல்கத்தா கடைப் பெயர் இருக்கிறது. பெரிய கம்பெனிதானே, நம்பலாமா?

மான்டன், ராடா போன்ற கல்கத்தாக் கடைகளின் பெயரோடு நல்ல துப்பாக்கிகள் நம் பக்கம் நிறைய உண்டு. மேலே இருப்பது விற்ற கடையின் பெயர். அதை வைத்துக் குழல் தாங்கும் அழுத்தம் தெரியாது. குழலின் அடியைப் பாருங்கள்.

குழல் முழுக்க மரத்தின் ரேகை மாதிரி கோடு கோடாக இருக்கிறது. வெடித்துவிடுமா?

டமாஸ்கஸ் குழல். இரும்பும் எஃகும் முறுக்கிய பட்டையைக் கம்பிமேல் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டியது. எங்கள் நைனா வழியில் வந்த ஒன்றை வெயிலில் திருப்பிப் பார்க்கும்போது இன்றைக்கும் எனக்குக் கை நிற்கும், அத்தனை அழகான வேலை.

டமாஸ்கஸ் என்றாலே வெடிக்கும் என்பது மிகை. நைட்ரோ முத்திரை பெற்ற டமாஸ்கஸ் குழல்கள் உண்டு. அவற்றில் பொருத்தமான தோட்டாவை இன்றும் சுடுகிறார்கள். ஆனால் நம் ஊரில் வந்து சேர்ந்தவற்றில் பல கருமருந்துக் காலத்தவை. அதோடு ஒட்டுகளுக்கு இடையே உள்ளுக்குள் துரு பிடித்திருந்தால் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. நைட்ரோ முத்திரை இல்லாத டமாஸ்கஸை எண்ணெய் போட்டுத் துடைத்து வையுங்கள், சுட வேண்டாம். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை.

சரி, நைட்ரோ முத்திரை இருக்கிறது, 65 மி.மீ. அறை. எந்தத் தோட்டா வாங்க?

நம் நாட்டில் சுலபமாகக் கிடைப்பது புனே அருகே கட்கி தொழிற்சாலையில் செய்யும் சக்திமான். அதில் 65 மி.மீ.யும் உண்டு, 70 மி.மீ.யும் உண்டு. கடைக்காரர் கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுப்பார். பெட்டியில் நீளத்தைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். பில்லிலும் நீளத்தை எழுதச் சொல்லுங்கள்.

வெளிநாட்டுத் தோட்டா என்றால் ஈலி, ஹல், கேம்போர் போன்ற இங்கிலாந்துக் கம்பெனிகள் பழைய துப்பாக்கிகளுக்கென்றே இன்றும் 65 மி.மீ. செய்கின்றன. 67 மி.மீ. என்று போட்டு, "65 மி.மீ. அறைக்கு ஏற்றது" என்று செய்தவரே பெட்டியில் அச்சிட்டிருந்தால் அதுவும் சரி. அச்சில் இல்லாவிட்டால் வேண்டாம். ஐரோப்பிய விதிப்படி 12 போரின் சாதாரணத் தோட்டாவுக்கு உச்ச வரம்பு 740 பார் (அழுத்தத்தின் அளவு), உயர் ரகத் தோட்டாவுக்கு 1,050 பார். அந்த 1,050 ரகம் பழைய குழலின் பக்கமே வரக் கூடாது. எஃகு ரவையும் அப்படித்தான், ஈயம் மட்டும்.

ரவையின் எடை 28 முதல் 30 கிராம் போதும். இரண்டரை இஞ்சுத் துப்பாக்கிக்கு அந்தக் காலத்து இங்கிலீஷ் வழக்கமே ஒன்று, ஒன்றே ஒன்றில்-பதினாறு அவுன்ஸ்தான்.

28 கிராம் தோட்டா தோளில் மெதுவாகத்தான் உதைக்கிறது. அப்போ அழுத்தமும் குறைவுதானே?

அப்படி முடிவு கட்டாதீர்கள். தோளில் உதைப்பது ரவையின் எடையையும் வேகத்தையும் பொறுத்தது. குழலுக்குள் உச்ச அழுத்தம் மருந்து எவ்வளவு சீக்கிரம் எரிகிறது என்பதைப் பொறுத்தது. அடுப்பில் காய்ந்த தென்னோலையும் எரியும், புளியங்கட்டையும் எரியும். ஓலை ஒரே மூச்சில் எழும்பி அடங்கும், கட்டை நின்று எரியும். வேகமாக எரியும் மருந்து போட்ட சில லேசான போட்டித் தோட்டாக்கள், நிதான மருந்து போட்ட கனத்த தோட்டாவைவிட அதிக உச்ச அழுத்தம் தரும். லேசான ரவை மட்டும் போதாது. நீளம் சரி, எடை சரி, செய்தவர் பழைய அறைக்கு ஏற்றது என்று சொல்கிறார், மூன்றும் சேர வேண்டும்.

பெட்டியடியில் தாத்தாவின் காகிதக்கூட்டு ஈலி-கைனாக் தோட்டா ஒரு பெட்டி இருக்கிறது. அதே காலத்துத் துப்பாக்கிதானே?

சுட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை ஈரம் எத்தனை முறை ஏறி இறங்கியிருக்கும்! காகிதம் உப்பியிருக்கும், மருந்து கெட்டிருக்கும். ஒன்று தீப்பற்றாது, இன்னொன்று பாதி எரிந்து அடைப்பானைக் குழலில் விட்டுவிடும். அவற்றை டீலரிடமோ ஸ்டேஷனிலோ முறைப்படி ஒப்படையுங்கள். குப்பையிலோ தீயிலோ போடாதீர்கள்.

வேலூர் வெயிலுக்கும் தோட்டாவுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. சூடான மருந்து வேகமாக எரியும், அழுத்தம் கூடும். சித்திரை வெயிலில் மூடிய காரின் முன்கண்ணாடி அடியில் தோட்டாப் பெட்டியை வைத்தால் தொட முடியாத சூடாகிவிடும். வெயில் ஏறும் கருங்கல் சுவரின் ஓரம், தகர ஷெட், டிராக்டர் பெட்டி எதுவும் தோட்டாவுக்கு இடமல்ல. பூட்டுப் போட்ட மர அலமாரியில், வெயில் படாத அறையில், துப்பாக்கியிலிருந்து தனியாக வையுங்கள்.

20 போர் தோட்டாவும் ஒரே பையில் இருந்தால் என்ன?

உயிர் போகும். 20 போர் தோட்டா 12 போர் அறைக்குள் வழுக்கிக்கொண்டு போய், முன்னால் கூம்பில் தட்டி நின்றுவிடும். பின்னாலிருந்து பார்த்தால் அறை காலி மாதிரி இருக்கும். தோட்டா போடவில்லை என்று நினைத்து 12 போர் ஒன்றை ஏற்றிச் சுட்டால், முன்னால் நிற்பதும் சேர்ந்து வெடிக்கும். உங்கள் இடது கை பிடித்திருக்கும் இடத்துக்கு நேராகக் குழல் கிழியும். இதைத் தவிர்க்கத்தான் 20 போர் கூட்டை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். வீட்டில் இரண்டு அளவிலும் துப்பாக்கி இருந்தால் தோட்டாவை இரண்டு அலமாரியில் வையுங்கள், ஒரே பையில் கொண்டுபோகாதீர்கள்.

தோட்டா சரியாக வாங்கிவிட்டேன். குழலில் என்ன பார்க்க வேண்டும்?

குழலைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உள்ளே பாருங்கள். நிழல் வளையங்கள் வரிசையாக, ஒழுங்காகத் தெரிய வேண்டும். ஓரிடத்தில் கறுப்பாக ஒரு மோதிரம் மாதிரி தெரிந்தால் அங்கே குழல் உப்பியிருக்கிறது. வெளிப்புறத்தில் விரலால் வருடினால் மேடு தட்டும். அப்புறம் குழலைக் கொக்கியில் ஒரு கயிறு கட்டித் தொங்கவிட்டு நகத்தால் தட்டுங்கள். கோயில் மணி போல நின்று ஒலித்தால் குழல்களை இணைக்கும் பட்டைகள் கெட்டியாக இருக்கின்றன. ஓட்டைப் பானை மாதிரி சத்தம் வந்தால் ஒட்டு விட்டிருக்கிறது.

துப்பாக்கியை மூடி, முன்கட்டை இல்லாமல் மெதுவாக ஆட்டுங்கள். குழல் லொடலொடத்தால், அல்லது பூட்டுக்கும் குழலுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தால், அது பட்டறைக்குப் போக வேண்டிய துப்பாக்கி.

குழல் சுவரின் கனம் கண்ணுக்குத் தெரியாது, கருவியால் அளக்க வேண்டும். மிக மெல்லிய இடத்திலும் அரை மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது வழக்கமான அளவு. அது இரண்டு தபால் அட்டையைச் சேர்த்துப் பிடித்த கனம்தான். துரு போக உள்ளே கடைந்து பளபளப்பாக்கிய குழல்களில்தான் இந்த ஆபத்து. கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள்.

இன்னொன்று, குளவி. தேர்தல் சமயத்தில் துப்பாக்கியை ஒப்படைத்து, மூன்று மாதம் கழித்துத் திரும்ப வாங்கி வந்த ஒரு விவசாயி என்னிடம் எடுத்து வந்தார். வலது குழலின் வாயிலிருந்து நாலு விரல்கடை உள்ளே களிமண் கூடு. குச்சியால் தட்டியதும் பொடிப்பொடியாக விழுந்தது, உள்ளே காய்ந்த புழுக்கள். அதோடு சுட்டிருந்தால் குழல்வாய் வாழைப்பூ மாதிரி பிரிந்திருக்கும். துப்பாக்கி எங்கே இருந்து வந்தாலும், ஒரு வாரம் சும்மா இருந்தாலும், குழலுக்குள் பார்க்காமல் தோட்டா ஏற்றாதீர்கள். அறையில் இருக்கும் எண்ணெயையும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

ஒற்றைக் குண்டு போடலாமா?

இடது குழலின் வாய் பெரும்பாலும் குறுகலாக இருக்கும். சோக் என்பது அதுதான். முழு அகலக் குண்டு அதில் சிக்கினால் குழல் போய்விடும். 1875-க்குப் பிறகு சோக் குழல்களில் 'குண்டுக்கு அல்ல' என்ற பொருளில் ஆங்கிலத்தில் பொறித்தார்கள். அந்த வாசகம் தெரிந்தால் அது 1887-க்கு முந்திய குழல், மேலே சொன்ன கருமருந்துக் கேள்வியும் சேர்ந்து எழும். பழைய குழலில் ஒற்றைக் குண்டை மறந்துவிடுங்கள்.

அறையை 70-க்குக் கடைந்துவிடலாம் என்கிறார்கள். இல்லாவிட்டால் நானே மருந்தைக் குறைத்து அடைக்கலாமா?

இரண்டும் வேண்டாம். கடைந்தால் அழுத்தம் உச்சத்தில் இருக்கும் இடத்திலேயே சுவர் மெலிகிறது. குழல் சோதிக்கப்பட்ட நிலையும் மாறிவிடுகிறது, முத்திரை அதற்குப் பிறகு பொருந்தாது. வீட்டில் தோட்டா அடைப்பது ஆயுதச் சட்டம் 1959-இன்படி உற்பத்தி, அதற்குத் தனி லைசென்ஸ் வேண்டும்.

பாங்க் காவலில் இருக்கிறேன், ஆர்டினன்ஸ் ஃபாக்டரி டபுள் பேரல். எந்தத் தோட்டா?

அவை 70 மி.மீ. அறையோடு வருபவை. குழலில் பொறித்ததைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, கையிலிருக்கும் தோட்டாவுக்கு வயது எத்தனை என்று பாருங்கள். காவல் பெல்ட்டில் வருஷக்கணக்கில் வியர்வை பட்ட தோட்டாக்கள் பித்தளை பச்சை பூத்திருக்கும். அவற்றை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

தாத்தா காலமாகிவிட்டார். துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. குழலைக் கழற்றி முத்திரையைப் பார்க்கலாமா?

முதலில் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். லைசென்ஸ் இல்லாதவர் கையில் அது இருப்பதே குற்றம், துடைப்பதற்காக என்றாலும். பிறகு வாரிசாகக் கலெக்டர் ஆபீசில் விண்ணப்பியுங்கள். 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பிரிந்ததால் உங்கள் ஊர் இப்போது எந்த மாவட்டம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். முத்திரையை டீலர் முன்னிலையில் பார்க்கலாம்.

பன்றி கடலைக் காட்டை அழிக்கிறது. பயிர்க் காவல் லைசென்ஸ் இருக்கிறதே?

அந்த லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கத்தான். காட்டு விலங்கைச் சுடுவது வனவிலங்குச் சட்டம் 1972-க்குள் வரும், வனத்துறையிடம்தான் கேட்க வேண்டும். மயில் பக்கம் துப்பாக்கியைத் திருப்பவே கூடாது.

டயரில் கட்டி, கயிறு போட்டுத் தூரத்திலிருந்து ஒரு தோட்டா சுட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. இனிச் சுடலாமா?

ஒரு முறை தாங்கியது என்பதற்கு மட்டும் அது சாட்சி. சோதனைச் சாலையில் அளவிட்ட அதிக அழுத்தத்தில் சுட்டு, முன்னும் பின்னும் குழலை அளந்து பார்ப்பார்கள். சாதாரணத் தோட்டா ஒன்றைத் தாங்கிய குழல், நாற்பதாவது தோட்டாவில் விரிசல் விட்டதை நானே கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். உரிமையாளருக்கு விரல் மிஞ்சியது, அவ்வளவுதான்.

சுடும்போது "புஸ்" என்று சத்தம் குறைவாக வந்தால்?

நிறுத்துங்கள். இரண்டாவது குழலையும் இழுக்காதீர்கள். வாயைப் பாதுகாப்பான பக்கம் காட்டியபடி அரை நிமிஷம் பொறுங்கள், தோட்டா தாமதமாகவும் பற்றலாம். பிறகு திறந்து இரண்டு தோட்டாவையும் எடுத்து வைத்துவிட்டு, குழலைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். அடைப்பான் நடுவழியில் நின்றிருந்தால் அறைப் பக்கத்திலிருந்து துடைப்புக் கம்பியை விட்டுத் தள்ளுங்கள். இன்னொரு தோட்டாவால் அதை வெளியே தள்ளலாம் என்று ஒருபோதும் நினைக்காதீர்கள். வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிந்த பிறகும், அந்தப் பெட்டியில் மிச்சமுள்ள தோட்டாக்களை அன்று சுட வேண்டாம். பெட்டியோடு டீலரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.